நல்லூர் வீட்டுக்கு டைரக்ட் கொடுத்த நாள்

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பிகளே, தங்கச்சிகளே, உங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது. கையில் போன், முதுகில் கம்பெனிப் பை. வேலை முடிந்ததும் வீட்டுக்காரரின் போனுக்கு நாலு எண் வருகிறது. அதை அவர் சொன்னால் புகார் மூடப்பட்டுவிடுகிறது. எங்களுக்கு எண்ணெல்லாம் கிடையாது, காபிதான். வேலை நடக்கும்போதே காபி வந்தால் 'நல்ல மனுசன்' என்று அர்த்தம். முடிந்த பிறகு வந்தால் 'சரி, பொருள் ஓடுது' என்று அர்த்தம். வரவே இல்லையென்றால் அடுத்த வாரம் அதே வீட்டுக்கு மறுபடியும் போக வேண்டியிருக்கும்.

முப்பது வருடத்துக்கு மேல் இந்தத் திருப்பூரில் வீடு வீடாகப் போய் மிக்சி, கிரைண்டர், ஃபிரிட்ஜ் என்று பிரித்துப் போட்டு மாட்டியிருக்கிறேன். முழங்கால் சொன்ன பேச்சு கேட்காமல் போனதால் நிறுத்திக்கொண்டேன். இல்லையென்றால் இன்னும் மொபெட்டில் சுற்றிக்கொண்டுதான் இருந்திருப்பேன். உண்மையைச் சொன்னால், அந்த அடுப்படிகளை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. வேறு எந்த ஊர் மெக்கானிக்கும் பார்க்காத ஒன்றை நாம் பார்க்கிறோம். இங்கே எந்த வீட்டு மிக்சியைக் கழற்றினாலும் மோட்டாருக்குள் பனியன் பஞ்சு இருக்கும். பக்கத்து ஷெட்டில் சிவப்புத் துணி ஓடினால் சிவப்புப் பஞ்சு, நீலம் ஓடினால் நீலப் பஞ்சு. "என்னங்கம்மா, இந்த மாசம் பச்சை ஆர்டருங்களா?" என்று கேட்டால் அந்த அம்மா வாயைப் பிளப்பார்கள். அந்த ஒரு கேள்வியிலேயே பாதி மரியாதை கிடைத்துவிடும்.

இன்னொன்று, இந்த ஊரில் எல்லோரும் பாதி மெக்கானிக். தையல் மிஷினோடும் நிட்டிங் மிஷினோடும் வாழ்கிறவர்கள் மிக்சியைப் பார்த்துப் பயப்படுவார்களா? ஒரு வீட்டில் மிக்சி கிறீச்சிடுகிறது என்று வீட்டுக்காரர் ஓவர்லாக் மிஷினுக்கு ஊற்றும் எண்ணெயைத் தாராளமாக ஊற்றிவிட்டார். கிறீச் சத்தம் நின்றது. ஆனால் ஒரு வாரம் தேங்காய்ச் சட்னியில் மிஷின் வாசம். "நல்லாத்தானுங்க ஓடுது, பசங்கதான் சாப்பிட மாட்டேங்கறாங்க" என்று என்னிடமே புகார் சொன்னார். சிரித்துக்கொண்டே கழுவிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்படிச் சிரிக்கிற கதைகள் என்னிடம் ஒரு மூட்டை இருக்கின்றன. ஆனால் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது சிரிக்க முடியாத ஒன்று. வெகுநாள் இதை யாரிடமும் சொன்னதில்லை. தொழிலில் நல்ல பேர் எடுத்தவன் தன் தப்பைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்ள மனம் வராது. இப்போது பேர் கெட்டால் என்ன, யாரும் என்னை வேலைக்குக் கூப்பிடப் போவதில்லை.

அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரே விசிட்டில் வேலையை முடித்துவிட்டு வருவான் என்று எனக்கொரு பேர் இருந்தது. அந்தப் பேரில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. நல்லூரில் ஒரு வீட்டிலிருந்து காலையில் கூப்பிட்டார்கள். நம் ஊரில் நீங்கள் தினமும் பார்க்கிற வீடுதான். முன் அறையில் நாலு தையல் மிஷின், நாலு டெய்லர், காலுக்கடியில் வெட்டுத்துணிக் குவியல். அதைத் தாண்டிப் போனால் அடுப்படி. வீட்டுக்காரர் பேர் ரங்கசாமி. பெரிய கம்பெனிகளிடமிருந்து வெட்டிய பனியன் பீஸ் வாங்கித் தைத்துக் கொடுப்பவர். அடுப்படியில் இருந்தது அவர் மனைவி சாந்தாமணி.

நான் செருப்பைக் கழற்றும்போதே ரங்கசாமி ஆரம்பித்துவிட்டார்.

"வாங்க வாங்க. ஒரு மாசமா இந்தக் கிரைண்டரோட ஒரே ரோதனைங்க. கிரைண்டர் ஓடையில டிரிப் உழுந்துருது. டிரிப் உழுந்தா என்னோட நாலு மிஷினும் நின்னு போயிருதுங்க. பாதித் தையல்ல நின்னா பீஸு வீணாப் போகுதுங்க."

டிரிப் என்றால் உங்களுக்குத் தெரியும், கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து லைனை அறுத்துவிடும் சுவிட்ச். அந்தக் காலத்தில் வீடுகளில் அது அபூர்வம். மிஷின் போட்டிருந்ததால் இவர் வைத்திருந்தார். வீடு முழுவதும் அந்த ஒரே டிரிப்பில்தான்.

"கிரைண்டரப் போட்ட உடனே விழுதுங்களா?" என்று கேட்டேன்.

"அதாங்க கூத்து. அதும்பாட்டுக்கு ஓடுனா ஒண்ணுமே ஆகறதில்லீங்க. இவ போயித் தொட்டாத்தான் உழுகுது. கை ராசி அப்படி!" என்று அவர் சிரித்தார். டெய்லர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அடுப்படிக்குப் போனேன். தரை ஈரமாக இருந்தது. ஒரு பெரிய பாத்திரத்தில் அரிசி ஊறிக்கொண்டிருந்தது. சாந்தாமணி ஒதுங்கி நின்று மெதுவான குரலில் சொன்னார்:

"தொட்டா சுர்ருங்குதுங்கண்ணா. கை முட்டி வரைக்கும் இழுக்குது."

அவர் முடிப்பதற்குள் பின்னாலிருந்து ரங்கசாமி, "ஈரக் கையோட தொட்டா அப்படித்தான் இருக்கும்னு நானும் சொல்லீட்டேதானுங்க இருக்கறேன்" என்றார். நானும் ஒரு பெரிய மனுசன் மாதிரி, "ஈரக் கையோட தொடாதீங்கக்கா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன். மாவாட்டுகிறவர் ஈரக் கை இல்லாமல் எப்படி மாவாட்டுவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

என் பையில் எப்போதும் ஒரு ரப்பர் ஷீட் இருக்கும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் முதல் நாளே கொடுத்தது. அதை விரித்து அதன் மேல் உட்கார்ந்துதான் எந்தப் பொருளையும் தொடுவேன். அன்றைக்கும் அப்படியே உட்கார்ந்து கிரைண்டரைப் போட்டேன். ஓடியது. மேலே தொட்டேன், பக்கத்தில் தொட்டேன். சுர்ரும் இல்லை, டிரிப்பும் விழவில்லை. பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தேன். கிரைண்டரில் ஒரு கோளாறும் இல்லை, டிரிப்தான் பழசாகி வீக்காகிவிட்டது என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். சட்டைப்பையில் கரண்ட் இருந்தால் விளக்கு எரிகிற டெஸ்டர் இருந்தது. அதை எடுத்து ஒருமுறை கிரைண்டரின் உடம்பில் வைத்துப் பார்த்திருந்தால் போதும். எடுக்கவில்லை.

"டிரிப் மாத்தணுங்க. நல்ல ஐட்டம் வர ரெண்டு நாள் ஆகுங்க" என்றேன்.

ரங்கசாமிக்கு முகம் மாறிவிட்டது. "பொழுதோட கம்பெனி வேன் வந்துருங்க. இன்னும் முந்நூறு பீஸு கெடக்குது. அதுக்குள்ள இன்னொருக்கா மிஷின் நின்னுதுன்னா கம்பெனியில அடுத்த ஆர்டரு தர மாட்டாங்க. இன்னைக்கு மட்டும் ஏதாச்சும் பண்ணி உடுங்க, சாமி."

பணிந்து கேட்கிற மனுசனிடம் இல்லை என்று சொல்ல நமக்கு வராது. அதோடு ஒரே விசிட்டில் முடிப்பவன் என்ற பேர் வேறு. மீட்டர் பெட்டியில் டிரிப்புக்கு முன்னாலேயே ஒரு வயர் எடுத்து, அடுப்படிப் பிளக்குக்குத் தனியாக லைன் கொடுத்துவிட்டேன். இதைத்தான் நாம் 'டைரக்ட்' என்போம். இனி கிரைண்டரில் என்ன ஆனாலும் டிரிப்புக்குத் தெரியாது. முன் அறையில் மிஷின் நிற்காது. சாந்தாமணியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லக்கூட இல்லை. "ரெண்டு மணிக்கு மாவு போடலாங்களாண்ணா?" என்று அவர் கேட்டார். "தாராளமாப் போடுங்கக்கா" என்றேன். காபி கொடுத்தார்கள். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். நம்மைக் கூப்பிடுகிறவர் ஒருவர், அந்தப் பொருளோடு தினமும் மல்லுக்கட்டுகிறவர் இன்னொருவர். கூப்பிட்டவரின் கஷ்டத்தைத்தான் நாம் கோளாறு என்று எடுத்துக்கொள்கிறோம். ரங்கசாமியின் கஷ்டம் மிஷின் நிற்பது. அதை நான் சரிசெய்துவிட்டேன். கிரைண்டரைத் தொடுகிற கை யாருடையதோ அவர் வாயைத் திறந்து சொன்னது என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. நீங்கள் ஒரு வீட்டுக்குள் போனால் முதலில் அந்தக் கைக்குரியவரிடம் பேசுங்கள். மற்றவர்கள் நடுவில் புகுந்தால், "கொஞ்சம் இருங்க" என்று சொல்லத் தயங்காதீர்கள்.

அடுத்த வேலை நெருப்பெரிச்சலில். ஊருக்கு அந்தக் கோடி. பனியன் வேஸ்ட் வியாபாரம் செய்கிற ஒரு பாய் வீடு. அவர் மனைவி ஜமீலா ரொம்பக் கலகலப்பான அம்மா. மிக்சி ஓடவில்லை. வழக்கம்போல ரப்பர் ஷீட்டை விரித்து உட்கார்ந்தேன். அவர் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கண்ணா, தொழுகப் போறாப்ல பாய் விரிச்சு உக்காந்துட்டீங்க?"

"ஷாக் அடிக்காம இருக்கறதுக்குங்கம்மா."

"அது சரி, உங்களுக்கு அடிக்காது. நாங்க வெறுங்கால்லதானுங்களே நிக்கறோம், எங்களுக்கு?" என்று கேட்டுச் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. கையில் பிடித்திருந்த ஸ்க்ரூ கீழே விழுந்து உருண்டது. நல்லூர் வீடு கண்முன் வந்து நின்றது. ஈரத்தரை. வெறுங்கால். அதும்பாட்டுக்கு ஓடினால் டிரிப் விழுவதில்லை, அவர் தொட்டால்தான் விழுகிறது. அடப்பாவி, அது கை ராசியும் இல்லை, டிரிப் வீக்கும் இல்லை. கிரைண்டரின் உடம்பில் கரண்ட் நிற்கிறது. அவர் தொடும்போது அது அவர் உடம்பு வழியாகத் தரைக்குப் போகிறது. போன மறுநொடி டிரிப் விழுந்து அவரை விடுவிக்கிறது. ரப்பர் மேல் உட்கார்ந்து தொட்டவனுக்கு எப்படித் தெரியும்? ஒரு மாதமாக அந்த அம்மாவைக் காப்பாற்றிக்கொண்டிருந்த ஒன்றைக் காலையில் நான்தான் போய் விலக்கி வைத்துவிட்டு, காபி குடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

மணி ஒன்றரை.

ஜமீலா வீட்டுப் போனிலிருந்து நல்லூருக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நாலு மிஷின் ஓடுகிற அறையில் போன் மணி யார் காதில் விழும்? மூன்று முறை அடித்தேன். என் முகத்தைப் பார்த்து அந்த அம்மா பயந்துவிட்டார். "ஒரு ஊட்டுல தப்புப் பண்ணிட்டு வந்துட்டேனுங்க" என்று மட்டும் சொன்னேன். "மிக்சி கெடக்குது போங்க, மொதல்ல அதைப் பாருங்க" என்று பையை எடுத்துக் கையில் கொடுத்தார்.

நெருப்பெரிச்சலிலிருந்து நல்லூர் போக வேண்டுமென்றால் ஊரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போக வேண்டும். மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்து கம்பெனிக்குத் திரும்புகிற கூட்டம். பஸ்ஸும் சைக்கிளும் துணிக்கட்டு ஏற்றிய டெம்போவும் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. ஹாரனை அமுக்கிய கையை எடுக்கவே இல்லை. யார் யாரோ திட்டினார்கள். நான் வேண்டிக்கொள்ளாத சாமி பாக்கியில்லை. அரிசி இன்னும் ஊறவில்லை என்று அந்த அம்மா நினைக்க வேண்டும், ஒரம்பரை, விருந்தாளி என்று யாராவது வந்து பேச்சில் நேரம் போக வேண்டும் என்று என்னென்னவோ வேண்டிக்கொண்டே போனேன்.

நல்லூர் போய்ச் சேரும்போது மணி இரண்டரை தாண்டிவிட்டது. தெருமுனையில் திரும்பும்போதே மிஷின் சத்தம் கேட்டது. காலையில் என்றால் அந்தச் சத்தம் எனக்குப் பெருமை. இப்போது அதைக் கேட்டு மொபெட்டை இன்னும் முறுக்கினேன். உள்ளே யாருக்கு என்ன ஆகியிருந்தாலும் அந்த மிஷின்கள் ஓடிக்கொண்டேதான் இருக்கும், அப்படித்தான் நான் செய்து வைத்திருந்தேன்.

செருப்போடு உள்ளே ஓடினேன். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. சாந்தாமணி உயிரோடு நின்றுகொண்டிருந்தார்.

எப்படி நின்றார் தெரியுமா? முன் அறையிலிருந்து காய்ந்த வெட்டுத்துணியை ஒரு மூட்டையாகக் கட்டிப் போட்டு, அதன் மேல் ஏறி நின்றிருந்தார். கையில் நீளமான மர அகப்பை. அதனால்தான் மாவைத் தள்ளிக்கொண்டிருந்தார். யாரும் நம்பாத ஒரு வலிக்கு, யாரையும் கேட்காமல், அவரே ஒரு வழி பண்ணி வைத்திருந்தார். ஆனால் மாவு அரைந்து முடிந்திருந்தது. அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, மாவை வழிக்க, ஓட்டத்தை நிறுத்தாமலே டிரம்மைச் சாய்ப்பதற்காக மூட்டையிலிருந்து ஒரு காலை ஈரத்தரையில் வைத்தார். சாய்ப்பதற்கு இரண்டு கையும் வேண்டும்.

"தொடாதீங்க!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அவர் அப்படியே கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். நான் பாய்ந்து சுவிட்சை அணைத்தேன்.

கத்தல் கேட்டு ரங்கசாமி ஓடி வந்தார். "ஏனுங்க, என்னாச்சுங்க?"

"நான் தப்புப் பண்ணிட்டேனுங்க" என்றேன். வேறெப்படிச் சொல்வது? சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அவரை அந்தத் துணி மூட்டை மேல் ஏற்றி நிறுத்தி, சுவிட்சைப் போட்டு, டெஸ்டர் முனையைக் கிரைண்டர் உடம்பில் வைக்கச் சொன்னேன். டெஸ்டருக்குள் இருந்த சின்ன விளக்கு எரிந்தது. இந்த ஊர்க்காரருக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

மறுபடி அணைத்துப் பிளக்கைப் பிடுங்கினேன். போர்டைக் கழற்றினால், பின்னால் எர்த் வயர் அறுந்து கிடந்தது. கசிகிற கரண்ட் தரைக்குப் போக அந்த வீட்டில் சாந்தாமணியைத் தவிர வேறு வழியே இருந்திருக்கவில்லை. காலையில் நான் அந்தப் போர்டையும் கழற்றிப் பார்க்கவில்லை.

எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். டிரிப் ஏன் விழுந்தது, நான் அதை எப்படி விலக்கினேன் என்று. ரங்கசாமி அடிக்கக்கூடச் செய்வார் என்றுதான் நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். அவர் டெஸ்டரை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "அந்த டைரக்ட் வயரை எடுத்தாகணுங்க. எடுக்கணும்னா மெயினை எறக்கணும், மிஷின் எல்லாம் நின்னுரும். கிரைண்டரத் தொடாம இருந்தா வேன் போன பிற்பாடு கூட..." என்று நான் இழுத்தேன்.

நான் முடிப்பதற்குள் அவர் மீட்டர் பெட்டிக்குப் போய்த் தன் கையாலேயே மெயினை இறக்கினார். நாலு மிஷினும் பாதித் தையலில் நின்றன. டெய்லர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். "அண்ணா, வேன் வந்துருமுங்க" என்றார் ஒருவர். "வந்தா நிக்கட்டும்" என்றார் ரங்கசாமி.

அடுப்படியில் சாந்தாமணி சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "அப்ப டிரிப் உழுந்ததெல்லாம் என்னயக் காப்பாத்தறதுக்குத்தானுங்களாண்ணா?" என்று கேட்டார்.

"ஆமாங்கக்கா. ஒவ்வொரு தடவையும்."

மீட்டர் பெட்டியிலிருந்து கையை எடுக்காமல் நின்ற ரங்கசாமி மெதுவாகச் சொன்னார்: "உழுந்தப்பவெல்லாம் நானு இவளத்தானுங்க திட்டுனேன். ஒரு மாசமா, தெனமும்."

நான் போய் அந்த டைரக்ட் வயரைக் கழற்றினேன். அன்று காலையில் அவர் பக்கத்தில் நின்று சிரித்தவன் நான்.